தாய் வகுப்பின் ஃபீல்டுகள் மட்டும் சீரியலைசேஷனுக்குப் பிறகு மாறிவிடுவது ஏன்?

முகில் எழுதியது:

வணக்கம். கட்டணம் வசூலிக்கும் வலைச்செயலி ஒன்றை ஜாவா 17, டாம்கேட் 9 ஆகியவற்றின் மீது நடத்தி வருகிறோம். எங்கள் நிறுவனத்தின் எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியில் 'பரிவர்த்தனை' என்றொரு வகுப்பு உள்ளது. அதில் பரிவர்த்தனை எண், தொகை, தொடங்கிய நேரம் ஆகிய மூன்று பிரைவேட் ஃபீல்டுகள் இருக்கின்றன. ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக எழுதிப் பின்னர் மீட்க (சீரியலைசேஷன்) அனுமதிக்கும் சீரியலைசபிள் இன்டர்ஃபேஸை அந்த வகுப்பு ஏற்கவில்லை. நாங்கள் அதை நீட்டித்து 'யுபிஐ பரிவர்த்தனை' என்ற சேய் வகுப்பை எழுதி, அதில் யுபிஐ முகவரியைச் சேர்த்து, சேய் வகுப்பை மட்டும் சீரியலைசபிள் ஆக்கினோம். நிலுவையில் உள்ள ஆப்ஜெக்டைப் பயனரின் செஷனில் வைக்கிறோம்.

டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கினால், அது சீரியலைஸ் செய்து கோப்பில் எழுதிவைத்த செஷன் மீண்டு வருகிறது. ஆப்ஜெக்டும் அதே வகுப்பாக வருகிறது. யுபிஐ முகவரியும் சரியாக இருக்கிறது. ஆனால் தொகை நல் (மதிப்பே இல்லாதது) ஆகிவிடுகிறது, பரிவர்த்தனை எண் முற்றிலும் புதிதாக இருக்கிறது, தொடங்கிய நேரம் டாம்கேட் மீண்டும் எழுந்த நேரத்தைக் காட்டுகிறது. லாக் கோப்பில் எந்த எக்ஸப்ஷனும் பதிவாகவில்லை. நல் ஆவதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. யாரும் உருவாக்காத புதிய எண் எங்கிருந்து வருகிறது?

பனையோலை எழுதியது:

'பரிவர்த்தனை' வகுப்பில் அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று இருக்கும். அது ஒரு புதிய யுயுஐடியை (தனித்துவ அடையாளத்தை) உருவாக்கி எண்ணாகவும், அப்போதைய நேரத்தைத் தொடங்கிய நேரமாகவும் வைக்கும். திறந்து பாருங்கள், நான் சொல்வது சரியாகவே இருக்கும்.

ஜாவாவின் விதி இதுதான். ஓர் ஆப்ஜெக்டைப் பைட்டுகளிலிருந்து மீட்கும்போது, சீரியலைசபிள் ஆன வகுப்புகளின் கன்ஸ்ட்ரக்டர்கள் எவையும் இயங்குவதில்லை; அவற்றின் ஃபீல்டுகள் ஸ்ட்ரீமிலிருந்து, அதாவது எழுதிவைத்த பைட்டுத் தொடரிலிருந்து, நேரடியாக நிரப்பப்படுகின்றன. மரபு வரிசையில் மேலே ஏறிச் செல்லும்போது முதலில் எதிர்ப்படும் சீரியலைசபிள் அல்லாத வகுப்பு எதுவோ, அதன் அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் மட்டும் இயக்கப்படுகிறது. எல்லா வகுப்புகளும் சீரியலைசபிள் ஆக இருந்தால் ஏறிச் சென்று முடிவது ஆப்ஜெக்ட் என்னும் மூல வகுப்பில். அதன் கன்ஸ்ட்ரக்டர் எதையும் செய்யாததால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் வரிசையிலோ அந்த இடத்தில் 'பரிவர்த்தனை' நிற்கிறது. எனவே டாம்கேட் எழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கன்ஸ்ட்ரக்டர் தன் வழக்கமான வேலையைச் செய்கிறது. பழைய எண் தொலையவில்லை. அது ஸ்ட்ரீமில் எழுதப்படவே இல்லை.

நம் கண்ணுக்கு ஓர் ஆப்ஜெக்ட் ஒரே பொருளாகத் தெரிகிறது. ஸ்ட்ரீமில் அப்படி இல்லை. மரபு வரிசையில் உள்ள ஒவ்வொரு சீரியலைசபிள் வகுப்புக்கும் தனி விவரிப்பு, தனிப் பதிப்பு எண், தனி ஃபீல்டுப் பட்டியல் என்று அடுக்கடுக்காகவே அது எழுதப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழும் கூட்டுக் குடும்பத்தில் ரேஷன் கார்டு தனித்தனியாக இருப்பதைப் போன்றது இது. கார்டு எடுக்காத தாய் வகுப்புக்கு ஸ்ட்ரீமில் இடமே கிடையாது.

தாழை எழுதியது:

பனையோலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் தாய் வகுப்பில் அந்த அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் இருந்திருந்தால், அல்லது அது பிரைவேட் ஆக இருந்திருந்தால், நிலைமை வேறாக இருந்திருக்கும். கம்பைலர் எதுவும் சொல்லாது. எழுதும்போதும் எந்தத் தடையும் வராது. பைட்டுகள் ஒழுங்காகக் கோப்பில் இறங்கும். திரும்பப் படிக்கும்போதுதான் 'ஏற்கத்தக்க கன்ஸ்ட்ரக்டர் இல்லை' என்று இன்வேலிட்கிளாஸ்எக்ஸப்ஷன் வரும். எழுதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் சோதனைகள் இதை ஒருபோதும் பிடிக்காது. சோதனை என்றால் எழுதி, படித்து, படித்ததன் ஒவ்வொரு ஃபீல்டையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இந்த அமைப்பே தவறு என்று எண்ண வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இது பரவலாக இருக்கிறது. அர்ரேலிஸ்ட் சீரியலைசபிள், அதன் தாயான அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் சீரியலைசபிள் அல்ல. ஆனால் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டில் புரொடெக்டட் ஆன வெறும் கன்ஸ்ட்ரக்டர் உண்டு. அதன் ஒரே நிலைத் தகவல், பட்டியல் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே. அது டிரான்சியன்ட் ஆகவும், அதாவது ஸ்ட்ரீமில் எழுத வேண்டாம் என்றும், குறிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. ஹாஷ்மேப், அப்ஸ்ட்ராக்ட்மேப் உறவும் இதே வகைதான். தாயிடம் காப்பாற்ற வேண்டிய நிலை எதுவும் இல்லாதபோது இது பாதுகாப்பான ஏற்பாடு. உங்கள் தாய் வகுப்பில் இருப்பதோ பணத்தின் தொகை.

வழக்கமான தீர்வு, சேய் வகுப்பில் ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட் ஆகிய இரு மெத்தட்களை எழுதுவது. முன்னதில் டிஃபால்ட்ரைட்ஆப்ஜெக்டை அழைத்துவிட்டுத் தாயின் மூன்று மதிப்புகளையும் கையால் எழுதுங்கள். பின்னதில் டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்டை அழைத்துவிட்டு அதே வரிசையில் படித்துத் தாயிடம் பொருத்துங்கள். இரண்டும் பிரைவேட் ஆகவே இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் பப்ளிக் என்று எழுதினால் ஜாவா அவற்றை அழைக்கவே அழைக்காது, அழைக்கவில்லை என்று சொல்லவும் செய்யாது. ஜாவா 14 முதல் இருக்கும் சீரியல் அன்னோடேஷனை மெத்தட்டின் மேல் வைத்து, ஜாவா 18 அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலரின் லின்ட் எச்சரிக்கையையும் இயக்கினால் இத்தகைய பிழை கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும்.

முகில் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பனையோலை சொன்னபடியே கன்ஸ்ட்ரக்டரில் யுயுஐடி உருவாக்கம் இருக்கிறது. ஆனால் தாழை சொன்ன தீர்வில் ஒரு தடை உள்ளது. தாய் வகுப்பில் கெட்டர்கள் மட்டுமே உண்டு, செட்டர் எதுவும் இல்லை. மூன்று மதிப்புகளையும் வாங்கும் புரொடெக்டட் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் ரீட்ஆப்ஜெக்டுக்குள் நுழையும்போது ஆப்ஜெக்ட் ஏற்கெனவே பிறந்துவிட்டதால் அதை அழைக்க வழியில்லை. லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவிடம் கேட்டுத் தாய் வகுப்பையே சீரியலைசபிள் ஆக்கிவிட்டால் என்ன? ஒரு வரி மாற்றம்தானே?

கருவேலன் எழுதியது:

அந்த ஒரு வரியைப் போன்று விலை உயர்ந்த வரி ஜாவாவில் அரிது. சீரியலைசபிள் இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட் கூடக் கிடையாது. அதனாலேயே அது இலவசமாகக் கிடைப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. தாய் வகுப்பு அதை ஏற்ற நாளிலிருந்து அதன் பிரைவேட் ஃபீல்டுகளின் பெயர்களும் வகைகளும் வெளியுலகத்துக்குக் கொடுத்த வாக்காகிவிடும்.

முதலாவதாக, இந்தத் தன்மை மரபுரிமையாக இறங்கும். 'பரிவர்த்தனை' வகுப்பை நீட்டிக்கும் எல்லாக் குழுக்களின் எல்லாச் சேய் வகுப்புகளும், அவர்கள் கேட்காமலேயே, சீரியலைசபிள் ஆகிவிடும். அவற்றில் ஒன்றில் தரவுத்தள இணைப்போ த்ரெட் பூலோ ஃபீல்டாக இருந்தால், எழுதும் நேரத்தில் நாட்சீரியலைசபிள்எக்ஸப்ஷன் வரும். தாயிடமிருந்து வந்த இந்தத் தன்மையைச் சேயால் துறக்கவும் முடியாது. ரைட்ஆப்ஜெக்டிலும் ரீட்ஆப்ஜெக்டிலும் வலிந்து எக்ஸப்ஷனை எறிவதுதான் உள்ள ஒரே வழி.

இரண்டாவது, நான் பெரிதும் அஞ்சுவது. தாயும் சேயும் சீரியலைசபிள் ஆன பிறகு, ஒரு நாள் யாரோ மறுசீரமைப்பு என்ற பெயரில் ஒரு ஃபீல்டைச் சேயிலிருந்து தாய்க்கு ஏற்றுவார். 'குறிப்பு' என்ற ஃபீல்டு எல்லாச் சேய் வகுப்புகளிலும் இருக்கிறது, எனவே தாயில் ஒரே இடத்தில் வைப்போம் என்பது மிக நியாயமான எண்ணம். நிரலின் பார்வையில் எதுவும் மாறவில்லை. கெட்டர் அதே பெயரில் அதே மதிப்பைத் தரும். ஆனால் பழைய ஸ்ட்ரீமில் அந்த மதிப்பு சேயின் அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது. புதிய நிரல் படிக்கும்போது, சேயிடம் அப்படியொரு ஃபீல்டு இல்லை என்பதால் மதிப்பு வீசப்படும். தாயின் அடுக்கில் அப்பெயரில் எதுவும் எழுதப்படவில்லை என்பதால் தாயின் ஃபீல்டு நல் ஆகும். சீரியல்வெர்ஷன்யுஐடி என்னும் பதிப்பு எண்ணை நீங்கள் மாறாமல் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கையும் வராது. பொறுப்பாகப் பதிப்பு எண்ணை எழுதி வைத்தவருக்குத்தான் இந்த அமைதியான இழப்பு நேர்கிறது என்பது கொடுமை. எழுதாதவருக்கு எண் மாறிப்போய் எக்ஸப்ஷனாவது வந்திருக்கும்.

பனையோலை எழுதியது:

கருவேலன் சொல்லும் ஆபத்துகள் உண்மையானவை. ஆயினும் தாய் வகுப்பு ஒருபோதும் சீரியலைசபிள் ஆகக் கூடாது என்ற அளவுக்கு நான் போக மாட்டேன். த்ரோவபிள் சீரியலைசபிள், அதனால் நாம் எழுதும் ஒவ்வொரு எக்ஸப்ஷனும் அப்படியே. பிழை ஒரு கணினியில் நேர்ந்து இன்னொரு கணினியில் காட்டப்பட வேண்டிய தொலை அழைப்புகளுக்கு அது தேவைப்பட்டது. நம்பர் வகுப்பும் அவ்வாறே. மதிப்பைச் சுமப்பதற்கென்றே பிறந்த தாய் வகுப்பு அதை ஏற்பதில் குற்றமில்லை. ஃபீல்டை ஏற்றும் சிக்கலுக்கும் மருந்து உண்டு: சேய் வகுப்பில் சீரியல்பெர்சிஸ்டன்ட்ஃபீல்ட்ஸ் என்ற பட்டியலை அறிவித்துப் பழைய பெயரை அதில் தக்கவைத்து, ரீட்ஃபீல்ட்ஸ் வழியாகப் படித்துத் தாயிடம் கொடுக்கலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

ஆனால் முகில் கேட்ட மாற்றத்தில் வேறொரு விளைவு ஒளிந்திருக்கிறது. தாயை இன்று சீரியலைசபிள் ஆக்கினால், ஏற்கெனவே எழுதப்பட்ட செஷன் கோப்பில் தாய்க்கான அடுக்கு இருக்காது. புதிய நிரல் அதைப் படிக்கும்போது, தாய் இப்போது சீரியலைசபிள் ஆகிவிட்டதால் அதன் கன்ஸ்ட்ரக்டரும் இயங்காது. முன்பு புதிதாக ஓர் எண்ணாவது வந்தது; இனி எண், நேரம், தொகை மூன்றுமே நல் ஆகும். இந்த நிலைக்கென்றே ரீட்ஆப்ஜெக்ட்நோடேட்டா என்ற பிரைவேட் மெத்தட் ஜாவாவில் உள்ளது. ஸ்ட்ரீமில் தன் அடுக்கு இல்லாத வகுப்பில் அது அழைக்கப்படும். தாய் வகுப்பில் அதை எழுதி எக்ஸப்ஷனை எறிந்தால், எண்ணும் தொகையும் இல்லாத ஆப்ஜெக்ட் ஒன்று உள்ளே நுழைந்து திரிவதைத் தடுக்கலாம். இந்த மெத்தட்டை உண்மையான செயலி நிரலில் நான் பார்த்தது மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுக்குகள் தாயில் தொடங்கிச் சேயை நோக்கிப் படிக்கப்படுகின்றன. எனவே தாயின் ரீட்ஆப்ஜெக்டுக்குள்ளிருந்து, சேய் மேலெழுதக்கூடிய மெத்தட் எதையும் அழைக்காதீர்கள். அந்த நேரத்தில் சேயின் ஃபீல்டுகள் நிரம்பியிருக்காது. கன்ஸ்ட்ரக்டருக்கு நாம் கடைப்பிடிக்கும் அதே விதி இங்கும் பொருந்தும். ஆனால் இங்கே அதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

தாழை எழுதியது:

முகிலின் தடைக்கு நேரான விடை வேறொன்று உண்டு: ஆப்ஜெக்டை எழுதவே எழுதாமல் அதன் பதிலியை எழுதுவது. நான்கு மதிப்புகளையும் கொண்ட சிறிய ரெக்கார்டு ஒன்றை எழுதி அதைச் சீரியலைசபிள் ஆக்குங்கள். 'யுபிஐ பரிவர்த்தனை' வகுப்பில் ரைட்ரீப்ளேஸ் என்ற மெத்தட் அந்த ரெக்கார்டைத் திருப்பித் தரட்டும். ரெக்கார்டில் உள்ள ரீட்ரிசால்வ் மெத்தட், நான்கு மதிப்புகளையும் கொடுத்துச் சேய் வகுப்பின் வழக்கமான கன்ஸ்ட்ரக்டரை அழைக்கட்டும். அது சூப்பர் வழியாகத் தாயின் புரொடெக்டட் கன்ஸ்ட்ரக்டரைச் சென்றடையும். இப்போது மீட்பு என்பது சாதாரண உருவாக்கமே. தாயில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை; செட்டரும் தேவையில்லை; தொகை நல் ஆகக் கூடாது என்று கன்ஸ்ட்ரக்டரில் சரிபார்ப்பு இருந்தால் அதுவும் தவறாமல் நடக்கும். சேய் வகுப்பின் ரீட்ஆப்ஜெக்டில் இன்வேலிட்ஆப்ஜெக்ட்எக்ஸப்ஷனை எறிந்து, பதிலி இல்லாமல் ஆப்ஜெக்டாகவே நுழையும் பின்வாசலையும் அடைத்துவிடுங்கள்.

ரெக்கார்டு ஜாவா 16 முதல் நிலையான அம்சம். அதன் சீரியலைசேஷன் பழைய விதிகளிலிருந்து விலகி, மீட்கும்போது ரெக்கார்டின் முதன்மைக் கன்ஸ்ட்ரக்டரையே அழைக்கிறது. ரெக்கார்டு வேறு எந்த வகுப்பையும் நீட்டிக்க முடியாது, அதை யாரும் நீட்டிக்கவும் முடியாது. இந்த இழையில் இதுவரை பேசிய சிக்கல்கள் அனைத்தும் மரபுரிமையிலிருந்து வந்தவை என்பதைக் கவனித்தால், புதிய வடிவமைப்பில் மரபுரிமைக்கே இடம் தராதது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரே நிபந்தனை: 'யுபிஐ பரிவர்த்தனை' வகுப்பை ஃபைனல் ஆக்குங்கள். ரைட்ரீப்ளேஸ் புரொடெக்டட் ஆக இருந்து, நாளை யாராவது அதை நீட்டித்து 'தவணை யுபிஐ பரிவர்த்தனை' என்று எழுதினால், அந்தப் பேரன் வகுப்பும் அதே பதிலியால் எழுதப்பட்டு, திரும்பி வரும்போது வெறும் 'யுபிஐ பரிவர்த்தனை'யாக வந்து நிற்கும். பிரைவேட் ஆக இருந்தால் பேரனுக்கு அது இறங்காது. அவன் ஆப்ஜெக்டாகவே எழுதப்பட்டு, படிக்கும்போது நீங்கள் அடைத்த பின்வாசலில் முட்டிக்கொள்வான். இரண்டில் பின்னதே மேல், ஏனெனில் சத்தம் வரும். ஃபைனல் என்றால் இரண்டுமே எழாது.

முகில் எழுதியது:

இது எங்களுக்குப் பொருந்துகிறது. இதற்கிடையில் குழுவில் ஒருவர், ஜாவா சீரியலைசேஷனே ஆபத்து, எல்லாவற்றையும் ஜாக்சன் நூலகம் வழியாக ஜேசான் என்னும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார். மரபுரிமைச் சிக்கல் அங்கே இருக்காதா?

கருவேலன் எழுதியது:

ஆபத்து என்று அவர் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் ஆகிய இருவரும் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தின் வகுப்புகளைக் கொண்டே, டிசீரியலைசேஷன் (பைட்டுகளிலிருந்து ஆப்ஜெக்டை மீட்டல்) வழியாகத் தாங்கள் விரும்பும் கட்டளையைச் செர்வரில் இயக்க முடியும் என்று காட்டினார்கள். நாம் படித்த பிறகு 'பரிவர்த்தனை' என்று காஸ்ட் செய்வதால், அதாவது அந்த வகையாகவே ஏற்பதால், வேறு வகுப்பு உள்ளே வர முடியாது என்று பலர் நம்புகிறார்கள். காஸ்ட் நடப்பதற்குள் ஸ்ட்ரீமில் உள்ள எல்லா வகுப்புகளின் ரீட்ஆப்ஜெக்டும் இயங்கி முடிந்திருக்கும். கிளாஸ்பாத்தில் இருக்கும் சீரியலைசபிள் வகுப்பு எதுவானாலும் நுழையலாம். எந்த வகுப்புகளை மீட்கலாம் என்று கட்டுப்படுத்தும், ஜாவா 9 இல் வந்த டிசீரியலைசேஷன் வடிகட்டி இதற்குத்தான். ஜாவா 8க்கும் 2017 தொடக்கத்தில் அது கொண்டுவரப்பட்டது. உங்கள் செஷன் கோப்பு செர்வரின் வட்டிலேயே இருந்து, வெளியார் தொட முடியாததாக இருந்தால் அவசரம் குறைவு. செஷனை வலையமைப்பில் உள்ள பொதுச் சேமிப்பில் வைப்பதாக இருந்தால் வடிகட்டி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

ஜேசானில் அடுக்குகள் இல்லை என்பது உண்மை. ஜாக்சன் கெட்டர்களைப் பார்த்து எழுதுவதால் தாயின் மதிப்புகளும் சேயின் மதிப்புகளும் ஒரே மட்டத்தில் இறங்கும். ஃபீல்டைத் தாய்க்கு ஏற்றினாலும் எதுவும் தொலையாது. அந்த வகையில் அது உங்கள் சிக்கலை எளிதாகக் கடந்துவிடும். ஆனால் மரபுரிமை வேறு வாசல் வழியாக வரும். படிக்கும் பக்கம் 'பரிவர்த்தனை' என்ற வகையை எதிர்பார்த்தால், கிடைத்த ஜேசான் யுபிஐயா அட்டையா நெட்பேங்கிங்கா என்பதை அது எப்படி அறியும்? ஜாவாவின் ஸ்ட்ரீம் வகுப்பின் பெயரைத் தானே எழுதிவிடுகிறது, ஜேசான் எழுதாது. ஜேசான்டைப்இன்ஃபோ, ஜேசான்சப்டைப்ஸ் ஆகிய அன்னோடேஷன்களால் 'வகை' என்ற பண்பை நாம் சேர்க்க வேண்டும்.

அங்கே வகுப்பின் முழுப் பெயரை எழுதச் சொல்லாமல், 'யுபிஐ', 'அட்டை' போன்று நாமே வைத்த குறும்பெயர்களை எழுதச் சொல்லுங்கள். முழுப் பெயரை வெளியிலிருந்து வரும் ஜேசானில் ஏற்றுக்கொண்டால், எந்த வகுப்பை உருவாக்குவது என்ற முடிவை அனுப்புபவரிடம் கொடுத்துவிடுகிறோம். 2017 முதல் ஜாக்சனில் தொடர்ச்சியாக வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைகள் இதே காரணத்தால் வந்தவை. 2019 இல் வெளியான 2.10 பதிப்பில்தான் எந்தச் சேய் வகுப்புகளை அனுமதிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லும் சரிபார்ப்பி வந்தது. இன்னொரு தொல்லை, 'பரிவர்த்தனை'களின் பட்டியலை நேரடியாக எழுதினால் ஜெனரிக் வகை ரன்டைமில் அழிந்துவிடுவதால் 'வகை' பண்பு விடுபட்டுப் போகலாம். எழுதும்போது டைப்ரெஃபரன்ஸ் மூலம் பட்டியலின் முழு வகையைக் கொடுக்க வேண்டும்.

டாம்கேட்டின் செஷனை மட்டும் கருத்தில் கொண்டால் ஜாக்சனுக்கு மாறுவது தேவையற்ற வேலை. டாம்கேட் தானாக எழுதுவது ஜாவா சீரியலைசேஷனில்தான். தாழை சொன்ன ரெக்கார்டுப் பதிலி போதும். உண்மையில், நான் எழுதுவதாக இருந்தால் செஷனில் 'யுபிஐ பரிவர்த்தனை'யையே வைக்காமல், பரிவர்த்தனை எண்ணை மட்டும் வைத்து, மற்றதைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்திருப்பேன்.

முகில் எழுதியது:

நிலுவைப் பரிவர்த்தனை உறுதியாகும் வரை தரவுத்தளத்தில் எழுதப்படுவதில்லை. அதை மாற்றுவது வேறு குழுவின் முடிவு. ஆகவே ரெக்கார்டுப் பதிலியை எழுதி வகுப்பை ஃபைனல் ஆக்கியிருக்கிறோம். எழுதிப் படித்து நான்கு மதிப்புகளையும் ஒப்பிடும் சோதனையும் சேர்ந்துவிட்டது. தொகையும் எண்ணும் மாறாமல் வருகின்றன. கடைசியாக ஒரு கேள்வி. புதிய நிரலை ஏற்றும்போது, பழைய நிரல் எழுதிவைத்த செஷன் கோப்பு அங்கே இருக்கும். அதில் இருப்பது பதிலி அல்ல, பழைய ஆப்ஜெக்ட்.

பனையோலை எழுதியது:

அந்தப் பழைய ஆப்ஜெக்டில் தொகை எழுதப்படவே இல்லை என்பதால் அதிலிருந்து மீட்பதற்கு எதுவும் இல்லை. தாழை சொன்னபடி ரீட்ஆப்ஜெக்டை அடைத்திருந்தால், புதிய நிரல் அந்தக் கோப்பைத் தொட்டவுடன் எக்ஸப்ஷன் வரும். அதோடு அந்தக் கோப்பில் உள்ள மற்ற செஷன்களை ஏற்றுவதும் தடைபடலாம். எனவே பழைய பதிப்பை நிறுத்திய பிறகு, புதியதைத் தொடங்குவதற்கு முன், டாம்கேட்டின் வொர்க் அடைவுக்குள் உங்கள் செயலிக்கான பகுதியில் இருக்கும் செஷன்ஸ்.எஸ்இஆர் கோப்பை அகற்றிவிடுங்கள். அந்த ஒரு முறை மட்டும் பயனர்கள் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும். இரவில் கூட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். மறுதொடக்கத்தைத் தாண்டிச் செஷன் வாழத் தேவையே இல்லை என்று குழு முடிவு செய்தால், கான்டெக்ஸ்ட் கோப்பில் மேனேஜர் உறுப்பின் பாத்நேம் பண்பை வெறுமையாக விடுங்கள். டாம்கேட் அதன் பிறகு அந்தக் கோப்பை எழுதாது.